ஒழுங்கை முடிவில் ஒரு கேற்: மாதிரி ரயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், முந்தி நெல் மூட்டை அடுக்கிய இடத்தில், இப்போது ஒரு மாதிரி ரயில் பாதை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

இது பொம்மை ரயில்தானே?

பொம்மைதான். ஐம்பது தாண்டிய ஆள் விளையாடுகிறார் என்று அயலவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் பெட்டியில் வரும் பொம்மை ரயில் வட்டமாகச் சுற்றும். எந்த ஊர் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. மாதிரிப் பாதைக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு வருடம் உண்டு, மாரியா கோடையா என்பதும் உண்டு. என்னுடையது கோண்டாவில், 1982, ஆடி மாதம். பனம்பழம் விழத் தொடங்கும் காலம். புல் காய்ந்து கிடக்கும்.

இந்தப் பைத்தியம் பழையது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891 இல் லைப்சிக் சந்தையில் ஒழுங்கான அளவுகளில் தண்டவாளம் வைத்து விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் மெக்கானோவைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹோர்ன்பி 1920 இல் ரயில் செய்ய இறங்கினார். நான் நூறு வருடம் பிந்தி வந்தவன்.

ஏன் யாழ்ப்பாணம் ஸ்ரேசனைச் செய்யவில்லை? அதுதானே பெரிது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. இடமில்லை என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. நான் யாழ்ப்பாணம் ஸ்ரேசனை அதிகம் பார்த்ததில்லை. வருடத்தில் இரண்டு தரம், ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சனத்துக்குள்ளே. அங்கே ரயில் நின்றுகொண்டிருக்கும், நாங்கள் ஏறுவோம். அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கை முடிவில் அப்படியில்லை. அங்கே ரயில் இல்லாத நேரம்தான் கூட. அரை மணித்தியாலம் காத்திருந்தால் அரை நிமிடம் ரயில். அந்த அரை மணித்தியாலத்தைச் செய்ய வேண்டும் என்றுதான் தொடங்கினேன். பாதையின் பெரும்பகுதி வேலி, மதகு, புல், ஒரு கேற். எஞ்சின் வாங்கிய காசைவிட வேலிக்குப் போன நேரம் கூட.

சின்ன வயதில் ரயில் பார்க்கப் போய் என்ன செய்வீர்கள்?

எங்கள் ஒழுங்கை ரயில் பாதையில் போய் முட்டும். முட்டுகிற இடத்தில் கேற், கேற்காரரின் சின்ன அறை, பக்கத்தில் ஒரு மரம். (மரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது ஒரு வழக்கு.) நான், அண்ணா, பக்கத்து வீட்டுப் பொடியள் இரண்டு பேர். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எறிந்துவிட்டு ஓடுவோம். கேற்காரர் மதகில் இருந்து சுருட்டுப் பற்றிக்கொண்டிருந்தால் ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார் என்றால் வரப் போகிறது. எங்களுக்கு அவருடைய சாரம்தான் கைகாட்டி.

கேற் மூடப்பட்டதும் ஒழுங்கை நிறையும். சைக்கிளில் புகையிலைக் கட்டோடு ஒருவர், மாட்டு வண்டி ஒன்று, பால் போத்தலோடு ஒரு ஆச்சி. எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஊரில் யார் யாருக்கு என்ன நடந்தது என்ற கதை முழுக்க வந்துவிடும். ரயில் கடந்ததும் கதை பாதியில் நிற்கும்.

எங்கள் வேலை கொப்பியில் எழுதுவது. ஒற்றை றூள் கொப்பி. எஞ்சின் இலக்கம், பெட்டி எத்தனை, எந்தப் பக்கம் போனது. நேரம் எழுத மணிக்கூடு இல்லை, ஆகவே "கோயில் மணிக்கு முன்", "கோயில் மணிக்குப் பின்" என்று எழுதுவோம். அண்ணா இலக்கத்தைக் கத்துவான், நான் எழுதுவேன். எஞ்சின் பெட்டிக்குள் இருந்து கை காட்டினால் அதற்கு ஒரு நட்சத்திரம்.

அந்தக் கொப்பி இப்போது இல்லை. 1995 ஒக்டோபர் 30, போரால் எங்கள் வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்த இரவு அது அலுமாரியில் கிடந்தது. 96 இல் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கொப்பியும் இல்லை, கூரையில் பாதியும் இல்லை. கூரைக்கு மாற்று உண்டு.

தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்பதும், ஐந்து சதக் காசை வைப்பதும் நடந்தவைதான். சதுரக் காசு நசிந்து வெற்றிலை மாதிரி வரும். அம்மம்மாவுக்குத் தெரிந்து, பூவரசம் கம்பால் கால் இரண்டிலும் வரி விழுந்தது. அவ சரியாகத்தான் செய்தா. இன்றைய வண்டிகள் வேகம், சத்தம் குறைவு. எந்தப் பிள்ளையும் அந்த வேலை பார்க்கக் கூடாது.

எந்த எந்த எஞ்சின்கள் வந்தன?

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் கரிக்கோச்சியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அப்பு மட்டும் கடைசிவரை எல்லா ரயிலையும் கோச்சி என்றுதான் சொன்னார்.

எங்களுக்குப் பிடித்தது எம்2. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் கொடுத்த டீசல் எஞ்சின். ஜெனரல் மோட்டோர்சின் ஜி12 வகை. முதலில் வந்தவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும். அண்ணா எழுத்துக் கூட்டி வாசித்து, அது ஒரு பெரிய ஆளின் பெயராக்கும் என்றான். நானும் நம்பினேன். அதே அண்ணா இப்போது முப்பது வருடமாக ஒன்ராறியோவில்தான் இருக்கிறான்.

எம்4 நீளமானது. 1975 இல் மொன்றியலில் செய்து வந்தது. அதன் சத்தம் அடித்தொண்டையால் வரும். பிறகு ஜப்பானின் ஹிட்டாச்சி செய்த எம்5, மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் செய்த எம்6. கண்ணை மூடிக்கொண்டு எந்த எஞ்சின் என்று சொல்லும் போட்டி நடக்கும். கேற்காரர்தான் நடுவர்.

கொழும்புக்கு ஓடும் யாழ்தேவி ரயில் எப்போது தொடங்கியது?

1956 ஏப்ரல் 23. பாதை அதைவிட மிகப் பழையது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரை 1902 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்போடு தொடுத்தது 1905 இல். அதாவது மூன்று வருடம் எங்கள் ரயில் எங்களுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. அதற்கான எஞ்சினும் பெட்டியும் கடலால்தான் வந்திருக்க வேண்டும். இதை யாராவது மாதிரியாகச் செய்தால் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

1990 க்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

1990 ஜூன் மாதத்தோடு போரால் ரயில் நின்றது. கொஞ்சக் காலத்தில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பங்கருக்குக் கூரையாகப் போயின. எங்கள் ஒழுங்கை முடிவில் கல்லு மேடு மட்டும் மிஞ்சியது. பிறகு கல்லும் போனது.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவனுக்கு ரயில் என்றால் நாங்கள் சொல்கிற கதைதான். ஒரு நாள் மீன் ரின் ஒன்றை எடுத்து, சோடா மூடி நாலைச் சில்லாக்கி, பழுதான கசெட் ரெக்கோடரின் மோட்டரைப் பூட்டி, ஒரு ரயில் செய்தேன். மின்சாரம் இல்லாத காலம். வானொலி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றுவோம். டைனமோ தருவது ஆடலோட்டம், மோட்டருக்கு வேண்டியது நேரோட்டம். ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நாலு டயோட் ஒட்டித் தந்தார். தம்பி கையால் பெடலைச் சுற்ற, மீன் ரின் திண்ணையில் மூன்று அடி போனது. மோட்டரைவிட மீன் வாசம்தான் வேகமாகப் போனது. பூனை பின்னால் போனது. என்னுடைய முதல் மாதிரி ரயில் அதுதான்.

பளை வரை 2014 மார்ச்சிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13 இலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் ரயில் திரும்பியது. இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. கிட்டத்தட்ட 24 வருட இடைவெளி. அதற்குள் பிறந்து, படித்து, கலியாணமும் கட்டிய ஆட்கள் முதல்முறையாக ரயில் பார்க்க வந்து நின்றார்கள்.

புதிதாகத் தொடங்க எந்த அளவு நல்லது?

இதற்குக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகளில் இது எங்களுக்காக எழுதப்படவில்லை.

கடையில் அதிகம் கிடைப்பது எச்.ஓ. அளவு. உண்மையின் 87 இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். இங்கிலாந்தில் ஓ.ஓ. என்பார்கள், 76 இல் ஒரு பங்கு, ஆனால் அதே 16.5 மி.மீ. தண்டவாளம்தான். இன்னும் சிறியது ஆங்கில எழுத்தால் 'என்' (N) எனப்படும் அளவு, 160 இல் ஒரு பங்கு, 9 மி.மீ.

இந்த 16.5 மி.மீ. வந்தது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதையைச் சுருக்கி. எங்களுடையது அகலப் பாதை. இந்தியாவைப் போல ஐந்தரை அடி, 1676 மி.மீ. எச்.ஓ.வில் சரியாகச் செய்வதென்றால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் ஓடும் எச்.ஓ. எம்2 எங்களூர்க் கண்ணுக்குக் கொஞ்சம் ஒடுங்கிய காலில் நிற்பது போலத் தெரியும். பாதை உண்மையில் 24 சென்ரிமீற்றர் ஒடுங்கிவிட்டதற்குச் சமம்.

இனி நான் பிந்திக் கண்டுபிடித்த விஷயம். 1676 ஐ 100 ஆல் பிரியுங்கள். 16.76. கடையில் விற்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கும் அதற்கும் கால் மில்லிமீற்றர்தான் வித்தியாசம். நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் எங்கள் அகலப் பாதை கடைத் தண்டவாளத்திலேயே சரியாக வந்துவிடும்! கணக்கும் சுகம். ஒரு மீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர். 20 மீற்றர் பெட்டி 20 சென்ரிமீற்றர். கட்டட மாதிரி செய்கிறவர்களுக்காக அதே அளவில் மனித உருவங்களும் விற்கிறார்கள்.

குறை என்னவென்றால், அந்த அளவில் எஞ்சினும் பெட்டியும் நீங்களே செய்ய வேண்டும். எச்.ஓ. மோட்டர் அடித்தளத்தை வாங்கி மேற்கூட்டை நெகிழித் தகட்டில் வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ பொருத்தலாம். கைவேலைக்குப் பயமில்லாதவர் தயங்காமல் 1:100 க்குப் போங்கள். நான் எச்.ஓ.வில் பாதி தூரம் வந்துவிட்டேன். பிரேசிலின் ஃபிராடெஸ்கி நிறுவனம் எச்.ஓ.வில் ஜி12 எஞ்சின் விற்கிறது. அதை வாங்கி, நிறத்தை உரித்து, எம்2 ஆக்கும் ஆசையில் விழுந்துவிட்டேன். இனி எழும்ப மாட்டேன்.

எவ்வளவு இடம் வேண்டும்?

எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று போதும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். போதும்தான், வட்டம் சுற்ற. எச்.ஓ. அளவில் உண்மையான ஒரு கிலோமீற்றர் பதினொன்றரை மீற்றர் வரும். ஆகவே இணுவிலும் கோண்டாவிலும் கொக்குவிலும் ஒரே அறைக்குள் வேண்டும் என்றால் நடக்காது. ஓர் இடத்தை எடுத்து அதைச் சரியாகச் செய்யுங்கள்.

என்னுடையது சுவரோடு பதினாறு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். நேர்ப்பாதை. இரண்டு முனையிலும் தட்டி வைத்து மறைத்திருக்கிறேன். தட்டிக்குப் பின்னால் ரயில்கள் நிற்கும் இடம். கூத்தில் ஆட்கள் உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்பார்களே, அதேதான். இடது தட்டிக்குப் பின்னால் யாழ்ப்பாணம், கொழும்பு, முழு இலங்கையும். வலது பக்கம் காங்கேசன்துறை. அங்கிருந்து சீமெந்து வாகன்கள் வரும். ஆறு பெட்டிக்கு மேல் கோர்க்க இடமில்லை. ஆறைப் பத்தாக நினைத்துக்கொள்ள வேண்டியது பார்க்கிறவரின் பொறுப்பு.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு முழு செட் அனுப்புகிறார். அப்படியே செருகலாமா?

செருக வேண்டாம்! வட அமெரிக்க செட்டில் வரும் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கு. எங்கள் சுவரில் வருவது 230. அண்ணா ஆசையாக அனுப்பிய முதல் செட்டை நான் பெட்டி பிரித்த பத்தாவது நிமிடம் செருகினேன். ஒரு சின்ன "டப்", பிறகு கருகிய மணம், அறை வாசலில் மனைவி. அவ ஒன்றும் சொல்லவில்லை, யன்னலைத் திறந்துவிட்டா. நல்ல காலம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிப்படைச் செட் பாதைக்கு வருவது 12 வோல்ட் அளவு நேரோட்டம்தான். இங்கேயே 230 இலிருந்து அதைத் தரும் கட்டுப்படுத்தியை வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் செட் என்றால் மின்னழுத்தப் பிரச்சினை இல்லை, பிளக்கை மட்டும் பாருங்கள்.

டிஜிட்டல் முறை அவசியமா?

ஒரு ரயில், இரண்டு ரயில் என்றால் அவசியமில்லை. சாதாரண முறையில் பாதைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறோம், அந்தத் துண்டில் நிற்கும் எஞ்சின் எல்லாம் ஓடும். டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி முகவரி, அதற்குள் ஒரு சின்ன இலத்திரனியல் தகடு கட்டளையைக் கேட்டு நடக்கும்.

சத்தம் வேண்டுமென்றால் டிஜிட்டலுக்குப் போங்கள். எம்2 க்குள் இருப்பது ஜெனரல் மோட்டோர்சின் 567 வகை எஞ்சின். அதே எஞ்சின் அமெரிக்காவில் எத்தனையோ ரயில்களில் ஓடியதால் அதன் ஒலிப்பதிவு சுலபமாகக் கிடைக்கிறது. எம்4 க்கு அல்கோ 251 என்று தேடுங்கள். நான் முதல் தரம் 567 ஐப் பூட்டிக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டபோது, குசினியில் இருந்து அம்மா "கேற் பூட்டியாச்சா?" என்று கேட்டா. பகிடிக்குக் கேட்டாவா, உண்மையாகவே கேட்டாவா என்று நான் விசாரிக்கவில்லை.

எங்களூர் நிலத்தை எப்படிச் செய்வது? கடையில் பைன் மரம்தான் கிடைக்கிறது.

கடைப் பக்கம் போகவே தேவையில்லை. எல்லாம் வளவுக்குள் கிடக்கிறது.

பனைதான் முதல். அடிமரத்துக்கு மூங்கில் குச்சியைச் சீவி, அடியைக் கொஞ்சம் பருமனாக விட்டு, கரிப்பொடியும் சாம்பலும் கலந்த பசையைப் பூசுங்கள். சும்மா கறுப்பு பூசினால் எரிந்த தந்திக்கம்பம் மாதிரி இருக்கும். ஓலைக்குக் கடதாசியை அரைவட்டமாக வெட்டி, விசிறி மடிப்பு மடித்து, நுனியைக் கிழியுங்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும். கீழே காய்ந்து தொங்கும் காவோலையை மறக்காதீர்கள். காவோலை இல்லாத பனை சினிமாப் பனை. என்னிடம் நாற்பத்தொரு பனை நிற்கிறது, ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். கணக்குப் பார்க்க வேண்டாம்.

வேலிக்குக் கதியால் முக்கியம். கிளுவை நுனிக் குச்சிகளை வெட்டி நிழலில் உலர்த்தி, அரை அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் அது வேலியல்ல, சீப்பு. சிலது சாய வேண்டும், சிலது துளிர்க்க வேண்டும். கிடுகுக்கு மெல்லிய சாக்குத் துணியைத் தேத்தண்ணீர்ச் சாயத்தில் நனைத்து எடுத்தேன். ஒரு வரி புதுக் கிடுகு, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். வேலி ஒரே நாளில் அடைபடுவதில்லையே. ஓரிடத்தில் நாய் புகுகிற பொட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பார்க்க வரும் பெண்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

மண்ணுக்கு மண்தான். இந்தப் பக்கத்துச் செம்மண்ணைத் துணியால் அரித்து, வெய்யிலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தூவுங்கள். காய்ந்ததும் நிறம் இருண்டுவிடும். ஆகவே கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்த்து வெளிறச் செய்யுங்கள். காந்தத்தை ஒருமுறை மண்ணுக்குள் ஓட்டி எடுங்கள், இரும்புத்தூள் இருந்தால் மோட்டருக்குள் போய்விடும்.

ஆனையிறவு செய்ய நினைப்பவருக்கு ஒரு சொல். உப்பளத்துக்கு உண்மையான உப்பைப் போடாதீர்கள். தெரிந்த ஒருவர் போட்டார். மாரி வந்ததும் உப்பு ஈரத்தை இழுத்து, பலகை ஊறி, ஆணியெல்லாம் துருப்பிடித்தது. வெள்ளைச் சலவைக்கல் தூளும் மேலே மினுக்கப் பூச்சும் போதும்.

தூசி, ஈரம், கறையான்?

கறையான்தான் பெரிய எதிரி. மேசைக் கால்களை இரும்புக் குழாயில் செய்யுங்கள், சுவரில் முட்டவிடாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்குங்கள், இரும்பு இங்கே ஒரு மாரி தாங்காது. கிழமைக்கு ஒருதரம் ஐசோபுரோப்பில் அற்ககோல் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால் எஞ்சின் விக்காது. மற்ற நேரம் பழைய நூல் சேலை ஒன்றால் மூடிவைக்கலாம். தூசி உதறும்போது முற்றத்தில் உதறுங்கள்.

எதை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்? படம் இருக்கிறதா?

ஒரு படம்கூட இல்லை. அப்போது யார் கேற்றைப் படம் எடுத்தார்கள்? கலியாண வீட்டுக்குத்தான் படக்காரர் வருவார். நினைவுதான், அதுவும் ஓட்டை நினைவு.

அந்த மரத்துக்கு வருவோம். கேற்காரரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நின்றது, அறைக்கு வடக்கே. இது எனக்கு நிச்சயம். மரத்தைச் செய்து அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். அவன் வட்ஸ்அப்பில் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்பினான். மரம் தெற்கேதான், தான் அதில் ஏறி விழுந்து கை முறிந்தவன், தனக்குத் தெரியாதா என்று. இரண்டு கிழமை சண்டை. கடைசியில் கேற்காரரின் மகளைச் சங்கானையில் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவ சிரித்தா. "தம்பி, அது வேம்பு இல்லை, பூவரசு. ஐயா அதின்ரை இலையிலைதான் புட்டு வைச்சுச் சாப்பிடுறவர்" என்றா. வடக்கா தெற்கா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வேம்பை மாற்றவில்லை. செய்ய இரண்டு கிழமை எடுத்தது.

ரயிலை ஓட்டுவது மட்டும்தானா? அலுக்காதா?

வட்டம் சுற்றினால் அலுக்கும். நாங்கள் டப்லெட் வைத்து ஓட்டுகிறோம். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வரக் கூடாது. அதற்காக ஒவ்வொரு இரண்டு ஸ்ரேசனுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு உலோக வில்லைகள் உண்டு, அவைதான் டப்லெட். பெட்டி போன்ற கருவிக்குள் பூட்டியிருக்கும். இரண்டு ஸ்ரேசன் மாஸ்டரும் மணியடித்து ஒத்துக்கொண்டால்தான் ஒன்று வெளியே வரும், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்று வராது. வில்லை கையில் இல்லாத எஞ்சின் அந்தத் துண்டுக்குள் நுழைய முடியாது. அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற ரயிலுக்குக் கொடுப்பார்கள். நீட்டிய வளையத்துக்குள் சாரதி கையை விட்டுத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியைப் பார்க்கவே ஸ்ரேசனுக்குப் போவோம். புதுப் பாதையில் நிறவிளக்குச் சிக்னல்கள் வந்துவிட்டன.

என் பாதையில் பித்தளை வொஷர் இரண்டுதான் டப்லெட். ஒரு முனையில் மருமகள், மறுமுனையில் நான். கையில் வொஷர் இல்லாமல் யாரும் ரயிலைத் தொடக் கூடாது. மருமகளுக்குப் பதினொரு வயது, சட்டம் என்னைவிடக் கடுமை. ஒருநாள் வொஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போய்விட்டாள். யாழ்தேவி தட்டிக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் நின்றது.

வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் எச்.ஓ.வில் செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர். புதிதாக வருகிற எல்லாரும் அதைப்போல மூன்று மடங்கில் ஓட்டுவார்கள்.

இப்போது ரயில் பார்க்க எங்கே போகலாம்?

நாவற்குழியில் பாதை கடல்நீரேரியைக் கடக்கும் இடம், காலை வெயிலில். ஆனையிறவில் ஏ9 வீதியும் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போகும், வாகனத்தில் இருந்தே பார்க்கலாம். காங்கேசன்துறை கடைசி ஸ்ரேசன், கடல் கிட்ட. உத்தரதேவி ரயிலாக ஓடத் தொடங்கிய எஸ்13 வண்டி சென்னைப் பெரம்பூரில் செய்தது, எஞ்சின் தனியாக இராது. பழைய ஆட்கள் அதற்கு முகம் சுளிப்பார்கள். சின்னவர்களுக்கு அதுதான் ரயில், நாளைக்கு அவர்கள் அதைத்தான் மாதிரி செய்வார்கள். படம் எடுக்க முதல் ஸ்ரேசன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேற் இல்லாத கடவைகளில் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பாதை இல்லாமல் போன காலத்தை ஏன் செய்யவில்லை?

செய்திருக்கிறேன். பெரிய பலகைக்குக் கீழே, இழுத்தால் வரும் தட்டில், இரண்டடித் துண்டு ஒன்று. அதே ஒழுங்கை முடிவு, 1992. கேற் இல்லை, தண்டவாளம் இல்லை, கேற்காரரின் அறைக்குக் கூரை இல்லை. ரயில் போன மேட்டில் ஆடு மூன்று மேய்கிறது, ஒருவர் சைக்கிளில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு போகிறார். செய்ய ஒரு வார இறுதிதான் எடுத்தது. கேட்டால் மட்டும் இழுத்துக் காட்டுவேன். மரத்தை அதில் வைக்கவில்லை, எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை.

பார்க்க வரலாமா?

ஞாயிறு பின்நேரம் வாருங்கள். நேர அட்டவணைப்படிதான் ஓடும், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் இருபது நிமிடம். அவசரம் என்று சொன்னாலும் முந்தி விடமாட்டேன். கதிரை இருக்கிறது, கச்சான் இருக்கிறது. கேற் மூடியிருந்தால் மருமகள் திறக்கும்வரை கையை உள்ளே நீட்ட வேண்டாம்.